ரிசர்வ் விதி என்றால் என்ன? ஜான் வார்டின் கதை வழியே ஓர் எளிய விளக்கம்

பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களும் இதைத் தயங்காமல் படிக்கலாம். இதில் ஆட்டம் கொஞ்சம்தான், ஒப்பந்தம்தான் அதிகம்.

அமெரிக்காவில் பேஸ்பால் வெளிப்படையான சம்பளத் தொழிலானது 1869இல். சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற அணி அந்த ஆண்டு தன் வீரர்கள் எல்லோருக்கும் சம்பளம் பேசி ஆட வைத்தது. அதற்கு முன்பும் நல்ல வீரர்களுக்குப் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் மேசைக்கு அடியில். 1871இல் முதல் தொழில்முறை லீக் வந்தது. 1876இல் நேஷனல் லீக் வந்தது, அது இன்றும் இருக்கிறது.

இந்தத் தொழிலின் முதல் பத்தாண்டுகள் வீரர்களுக்கு நல்ல காலம். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். சீசன் முடிந்ததும் எந்த ஊர் அதிகம் தருகிறதோ அங்கே போய்விடலாம். சிலர் சீசன் முடியும் வரைகூடப் பொறுக்கவில்லை, நடுவிலேயே கம்பி நீட்டினார்கள். அணிகளை நடத்தியவர்களுக்கோ இது பெரிய தலைவலி. அவர்களுடைய செலவில் பெரும்பகுதி வீரர்களின் சம்பளம்தான். ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு ஏலம் கேட்டதில் பல அணிகள் நஷ்டத்தில் மூழ்கின, சில காணாமலே போயின.

1879 செப்டம்பரில் நேஷனல் லீக் அணிகளின் தலைவர்கள் பஃபலோ நகரில் கூடி, வெளியே சொல்லாமல் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். யோசனை பாஸ்டன் அணியின் தலைவர் ஆர்தர் சோடனுடையது. ஒவ்வோர் அணியும் ஐந்து வீரர்களின் பெயரை எழுதிக் கொடுக்கும். அந்த ஐந்து பேரிடம் வேறு எந்த அணியும் பேச்சுக் கொடுக்காது. யாராவது மீறி அவர்களில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், அந்த அணியோடு மற்றவர்கள் ஆடவே மாட்டார்கள். ரிசர்வ் விதி பிறந்தது இப்படித்தான்.

ஐபிஎல்லில் அணிகள் சில வீரர்களைத் தக்கவைத்துக்கொள்கின்றனவே, அதுபோலத்தானே என்று தோன்றலாம். முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் ஐபிஎல்லில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பெரிய ஏலம் வந்து எல்லாம் கலைந்துவிடும். இங்கே ஏலமே கிடையாது. இந்த ஆண்டு ஓர் அணி உங்களை ரிசர்வ் செய்கிறது. அடுத்த ஆண்டு நீங்கள் ஆட வேண்டுமானால் அந்த அணியோடுதான் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட அந்தப் புது ஒப்பந்தமும் ரிசர்வுக்கு உட்பட்டதுதான். ஆக அதற்கடுத்த ஆண்டும் அதே கதை. ஓராண்டு ஒப்பந்தம் என்று பெயர், நடைமுறையில் அது ஆயுள் ஒப்பந்தம். அணிக்கோ அப்படி எந்தக் கட்டும் இல்லை. பத்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வீரரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஒரு பக்கம் பத்து நாள், மறு பக்கம் ஆயுள் முழுக்க. ரிசர்வ் விதியை விளங்கிக்கொள்ள இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும். சம்பளம் குறைந்தது, வீரர்கள் கைமாறி விற்கப்பட்டது, நீதிமன்றத்தில் அணிகள் தோற்றது, எல்லாம் இதிலிருந்து முளைத்தவைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் ரிசர்வ் ஆவது வீரர்களுக்குப் பெருமையாகவே இருந்தது. அணியின் முதல் ஐந்து பேரில் ஒருவர் என்று பெயர், அடுத்த ஆண்டு வேலையும் உறுதி. அப்புறம்தான் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 1883இல் 11 பேர். 1887இல் 14 பேர். அன்றைய அணியில் மொத்தம் இருந்ததே ஏறக்குறைய அவ்வளவு பேர்தான்.

இந்த விதியை அதன் பிறப்பிலிருந்தே பக்கத்தில் நின்று பார்த்தவர், அதில் மாட்டியவர், பிறகு அதை உடைக்கப் புறப்பட்டவர் ஒருவர் உண்டு: ஜான் மாண்ட்கோமரி வார்ட்.

பதினெட்டு வயதில் ஒரு பிட்சர்

வார்ட் பிறந்தது 1860 மார்ச் 3, பென்சில்வேனியா மாநிலத்தின் பெல்ஃபோன்ட். பதினான்கு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். இன்று பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரியில் கொஞ்ச காலம் படித்தார். அங்கே பேஸ்பாலை வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். படிப்பு பாதியில் நின்றது. பிறகு சிறு ஊர் அணிகளில் ஆடித் திரிந்து, 1878இல் தன் 18ஆம் வயதில் நேஷனல் லீகின் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியில் பிட்சராகச் சேர்ந்தார்.

பிட்சர்தான் மட்டையாளரை நோக்கிப் பந்தை எறிபவர். அன்றைய பிட்சரின் வேலை இன்றையதைப் போல இருக்கவில்லை. பந்தை இடுப்புக்குக் கீழிருந்துதான் எறிய வேண்டும், தூரம் 45 அடி. இன்று அது 60 அடி 6 அங்குலம். மட்டையாளர் தனக்குப் பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று கேட்கலாம், கேட்டபடி எறிய வேண்டும். களத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கையுறை இல்லாமல் வெறுங்கையால் பிடித்தார்கள். அணியில் ஆள் குறைவு என்பதால் ஒரே பிட்சர்தான் கிட்டத்தட்ட எல்லா ஆட்டங்களிலும் எறிவார்.

1879இல் பிராவிடன்ஸ் 59 ஆட்டங்களில் வென்று சாம்பியன் ஆனது. அதில் 47 வெற்றி வார்டின் கணக்கில். அந்த ஆண்டு அவர் எறிந்தது 580 இன்னிங்ஸுக்கு மேல், ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக 9 இன்னிங்ஸ்தான். இன்றைய பிட்சர் ஒருவர் சீசனில் 200 இன்னிங்ஸ் தாண்டினாலே அபூர்வம் என்கிறார்கள். 19 வயதுப் பையனின் தோள் என்ன பாடுபட்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1880 ஜூன் 17 அன்று பஃபலோ அணிக்கு எதிராக அவர் ‘பெர்ஃபெக்ட் கேம்’ எறிந்தார். ஓர் ஆட்டத்தை முடிக்க எதிரணி மட்டையாளர்களை 27 முறை வெளியேற்ற வேண்டும். மட்டையாளர் ஓடிச் சேர வேண்டிய நிலைகளுக்கு பேஸ் என்று பெயர்; அந்த 27 முறையும் ஒருவரைக்கூட முதல் பேஸில் கால் வைக்க விடாமல் அனுப்பினால் அது பெர்ஃபெக்ட் கேம். பெரிய லீக் வரலாற்றில் வார்டினுடையது இரண்டாவது. முதலாவது நடந்து ஐந்தே நாட்கள்தான் ஆகியிருந்தன, எறிந்தவர் உஸ்டர் அணியின் லீ ரிச்மண்ட். ஒரே வாரத்தில் இரண்டு நடந்துவிட்டதால் இது என்ன பெரிய விஷயம் என்று அன்றைக்கு யாராவது நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நேஷனல் லீகில் அடுத்த பெர்ஃபெக்ட் கேம் வந்தது 1964இல், 84 ஆண்டுகள் கழித்து.

1882 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணிக்கு எதிராக 18 இன்னிங்ஸ் முழுவதையும் அவரே எறிந்து 1-0 என்று வென்றார். வழக்கமான ஆட்டத்தைப் போல இது இரண்டு மடங்கு.

ரிசர்வ் விதியின் முதல் பலியையும் வார்ட் இந்த அணியில்தான் பார்த்தார். 1879இல் பிராவிடன்ஸைச் சாம்பியன் ஆக்கிய தலைவர் ஜார்ஜ் ரைட், அந்தக் காலத்தின் மிகப் பெரிய பேர். அவருக்குப் பாஸ்டனில் விளையாட்டுச் சாமான் வியாபாரம் இருந்தது, அங்கேயே இருந்துகொண்டு ஆடப் பார்த்தார். ஆனால் பிராவிடன்ஸ் தன் ஐந்து பேர் பட்டியலில் அவர் பெயரை எழுதிவிட்டது. சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர் அதற்கடுத்த சீசனில் கிட்டத்தட்ட ஆடவே இல்லை. ரைட்டுக்குக் கடை இருந்தது, அதனால் போங்கடா என்று உட்கார முடிந்தது. கடை இல்லாதவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

கை போனது, சட்டம் வந்தது

1883இல் வார்ட் நியூயார்க் அணிக்குப் போனார். ஜயன்ட்ஸ் என்று பின்னால் புகழ்பெற்ற அணி அதுதான். ஏற்கெனவே தேய்ந்து போயிருந்த அவருடைய வலது கை, 1884இல் ஓட்டத்தின்போது பட்ட காயத்தோடு எறிய லாயக்கில்லாமல் போனது. பெரும்பாலான பிட்சர்களின் கதை அத்தோடு முடிந்துவிடும். வார்ட் இடது கையால் எறியக் கற்றுக்கொண்டு, அந்த சீசன் முடியும் வரை மைதானத்தின் நடுப்புறத்தில் நின்று ஆடினார். கை ஓரளவு தேறியதும், களத்தில் மிகக் கடினமான இடங்களில் ஒன்றான ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு வந்தார். 1887இல் ஒரே சீசனில் 111 பேஸ்களைத் திருடினார். பிட்சர் அசந்த நேரத்தில் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு ஓடிவிடுவதைத்தான் திருடுவது என்பார்கள்.

பிட்சராக 164 வெற்றி, மட்டையாளராக 2,100க்கும் மேற்பட்ட ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸைச் சேர்ந்த தடவைகள். நூறு வெற்றியையும் இரண்டாயிரம் ஹிட்டையும் சேர்த்துப் பார்த்தவர் பெரிய லீக் வரலாற்றில் அவர் ஒருவர்தான். பேப் ரூத் பெயர் நினைவுக்கு வரலாம். ரூத் பிட்சராக 94 வெற்றியோடு நின்றுவிட்டார்.

ஆனால் என் கணக்கில் வார்டின் வாழ்க்கையைத் திருப்பியது அந்த 111 திருட்டுகள் அல்ல. நியூயார்க்கில் இருந்தபோது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1885இல் பட்டம் வாங்கினார். சக வீரர்களில் பெரும்பாலோர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்ட காகிதத்தை, சட்டம் தெரிந்த ஒருவர் முதல் முறையாக வரி வரியாகப் படித்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் வீரர்கள் ஒன்பது பேர் கூடி, தொழில்முறை பேஸ்பால் வீரர்களின் சகோதரத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைவர் வார்ட். காலம் பொருத்தமானது, அணித் தலைவர்கள் அப்போதுதான் எந்த வீரருக்கும் 2,000 டாலருக்கு மேல் சம்பளம் இல்லை என்று உச்சவரம்பு கட்டியிருந்தார்கள். அந்த வரம்பை அவர்களே காப்பாற்றவில்லை என்பது வேறு கதை. 1887 தொடக்கத்தில் சிகாகோ அணி தன் நட்சத்திரம் மைக் கெல்லியைப் பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்றது. அன்று ஓர் ஆலைத் தொழிலாளி இருபது ஆண்டு உழைத்தாலும் பார்ப்பது கடினமான தொகை. கெல்லிக்குப் பாஸ்டன் தந்தது சம்பளமாக 2,000, அவருடைய படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள என்று ஒரு 3,000. வரம்பும் மீறப்படவில்லை, கெல்லியும் வந்துவிட்டார்! ஆனால் அவரை விற்ற அந்த 10,000இல் அவருக்கு ஒரு காசும் இல்லை.

விற்க எப்படி முடிந்தது என்று கவனியுங்கள். கெல்லி சிகாகோவின் சொத்து அல்ல. சிகாகோ விற்றது அவரை ரிசர்வ் செய்யும் உரிமையை மட்டும்தான். வேறு எங்கும் ஆட முடியாது என்ற நிலை இருந்ததால் அந்த உரிமைக்கு விலை வந்தது.

வார்ட் பேனாவை எடுத்தது இந்த இடத்தில். 1887 ஆகஸ்டில் லிப்பின்காட்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பேஸ்பால் வீரர் ஓர் உடைமைப் பொருளா என்பதே அதன் தலைப்பு. ரிசர்வ் விதியை, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பிய பழைய சட்டத்தோடு ஒப்பிட்டார். பஃபலோ அணியின் சார்லி ஃபோலி என்ற வீரரின் நிலையையும் எடுத்துச் சொன்னார். உடம்பு சரியில்லாமல் படுத்த ஃபோலிக்கு அணி சம்பளத்தை நிறுத்திவிட்டது, ஆனால் ரிசர்வ் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை. தேறி எழுந்தவரால் வேறு அணிக்கும் போக முடியவில்லை.

இவ்வளவு காட்டமாக எழுதியவர் ரிசர்வ் விதியை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓரளவு கட்டுப்பாடு இல்லாவிட்டால் யாரும் பணம் போட்டு அணி நடத்த மாட்டார்கள் என்பது வார்டுக்கும் தெரியும். வீரரை விற்று வாங்குவதும், அந்தப் பிடியை வைத்துச் சம்பளத்தை நசுக்குவதும்தான் அவருடைய புகார். அந்த ஆண்டின் இறுதியில் லீக் சங்கத்தை அங்கீகரித்து, ஒப்பந்தத்தில் சில திருத்தங்களுக்கும் ஒப்புக்கொண்டது. பேசித் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது அவருக்கு இருந்தது.

அடிமை என்ற அந்த ஒப்பீட்டைப் படிக்கும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. அதே 1887 ஜூலையில், நியூவார்க் அணியில் கறுப்பின பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவி எறிந்தால் நாங்கள் ஆட மாட்டோம் என்று சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன் மறுத்தார். பெரிய அணிகளின் கதவு கறுப்பின வீரர்களுக்கு மூடிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அது திறக்கவில்லை. விற்கப்படக் கூடாது என்று போராட வெள்ளையர்களுக்குச் சங்கம் இருந்தது. உள்ளே வரவே முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை.

உலகம் சுற்றப் போன நேரத்தில்

1888இல் ஜயன்ட்ஸ் சாம்பியன் ஆனது. சீசன் முடிந்த கையோடு சிகாகோ அணியின் முதலாளியும் விளையாட்டுச் சாமான் வியாபாரியுமான ஆல்பர்ட் ஸ்பால்டிங், பேஸ்பாலை உலகுக்குக் காட்ட இரண்டு அணிகளைக் கப்பலில் ஏற்றினார். ஒன்று அவருடைய சிகாகோ அணி, மற்றது பல அணிகளிலிருந்து பொறுக்கிய ‘ஆல் அமெரிக்கா’ அணி. அதன் தலைவர் வார்ட். ஹவாய் வழியாக ஆஸ்திரேலியா போய் ஆடினார்கள். 1889 ஜனவரியில் நம் பக்கமும் வந்தார்கள், கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். கொழும்பில் அன்று வேடிக்கை பார்த்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று யோசித்தாலே சிரிப்பு வருகிறது. அடுத்த மாதம் எகிப்தில் பிரமிடுகளுக்கு முன்னால் ஆட்டம். பிறகு இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து.

வார்ட் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய சில நாட்களிலேயே லீக் கூட்டத்தில் ஒரு திட்டம் நிறைவேறியது. கொண்டுவந்தவர் இண்டியானாபொலிஸ் அணியின் முதலாளி ஜான் பிரஷ். அதன்படி வீரர்களை ஏ முதல் இ வரை ஐந்து வகுப்பாகப் பிரிப்பார்கள். ஏ வகுப்புக்கு 2,500 டாலர், பிறகு வகுப்புக்கு 250 டாலராகக் குறைந்துகொண்டே வந்து இ வகுப்புக்கு 1,500. எந்த வகுப்பு என்பதை ஆட்டத்தை மட்டும் வைத்து அல்ல, பழக்கவழக்கம், ஒழுக்கம் எல்லாவற்றையும் பார்த்து லீக் முடிவு செய்யும். ரிசர்வ் விதி இருப்பதால், எனக்கு இந்த வகுப்பு பிடிக்கவில்லை என்று யாரும் வெளியே போக முடியாது.

இது போதாது என்று, வார்ட் கடலில் இருந்தபோது அவரையே வாஷிங்டன் அணிக்கு 12,000 டாலருக்கு விற்க நியூயார்க் பேரம் பேசி முடித்திருந்தது. அந்தத் தொகையில் பெரிய பங்கு எனக்கு வந்தால் பார்க்கலாம் என்று வார்ட் சொல்லிவிட்டார், பேரம் முறிந்தது. சங்கத் தலைவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டுத் திட்டமிட்டே செய்தார்களா என்று அன்றே பலர் கேட்டார்கள். ஸ்பால்டிங்கின் சுற்றுப்பயணம் அதற்காகவே ஏற்பட்டது என்பது எனக்கு மிகையாகத் தோன்றுகிறது. ஆனால் கிடைத்த வாய்ப்பை அவர்கள் வீணாக்கவில்லை.

மற்றவர்களுக்கு முன்பே ஐரோப்பாவிலிருந்து திரும்பிய வார்ட் பேச நேரம் கேட்டார். சீசன் முடியட்டும் என்று பதில் வந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று வீரர்கள் கொதித்தார்கள். வார்ட் அவர்களைத் தடுத்தார், அவர் மனதில் இருந்தது வேறு. 1889 நவம்பர் 4 அன்று சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு காலத்தில் நேர்மைக்கு நின்ற லீக் இன்று டாலருக்கும் சென்டுக்கும் நிற்கிறது, வீரர்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்பதை மறந்து ஆடுகளைப் போல வாங்கி விற்கப்படுகிறார்கள் என்றது அந்த அறிக்கை. நாங்களே ஒரு லீக் நடத்துகிறோம் என்றும் சொன்னது.

வீரர்களின் லீக்

1890இல் எட்டு அணிகளோடு பிளேயர்ஸ் லீக் தொடங்கியது. கிளீவ்லாந்தில் டிராம் கம்பெனி நடத்திய ஆல்பர்ட் ஜான்சன் போன்றவர்கள் பணம் போட்டார்கள். ரிசர்வ் விதி இல்லை, வகுப்பு இல்லை, வீரரின் சம்மதம் இல்லாமல் அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது. ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு. லாபத்தில் வீரர்களுக்கும் பங்கு. லீக்கை நடத்தும் குழுவில் ஓர் அணிக்கு இரண்டு பேர், ஒருவரை முதலாளிகள் தேர்ந்தெடுப்பார்கள், ஒருவரை வீரர்கள். களத்திலும் புதுமை செய்தார்கள், ஒரே நடுவர் இருந்த இடத்தில் இரண்டு பேரை நிறுத்தினார்கள்.

நேஷனல் லீகின் பெரிய பெயர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கெல்லியை இழுக்க ஸ்பால்டிங் 10,000 டாலருக்குக் காசோலையை நீட்டியதாகவும், அவர் கொஞ்ச நேரம் நடந்து யோசித்துவிட்டுத் திரும்பி வந்து, நண்பர்களைக் கைவிட முடியாது என்று மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. சொன்னவர் ஸ்பால்டிங்தான், தான் தோற்ற கதையைத் தானே சொல்கிறார் என்பதால் நம்பலாம் போலிருக்கிறது.

லீக் தொடங்குவதற்கு முன்பே வழக்கு வந்தது. வார்ட் தங்கள் ரிசர்வில் இருக்கிறார், வேறு எங்கும் ஆடக் கூடாது என்று தடை கேட்டது நியூயார்க் அணி. 1890 ஜனவரி 28 அன்று நீதிபதி மார்கன் ஓ’பிரையன் தடை தர மறுத்தார். ஒரு பக்கம் பத்து நாளில் கழற்றிவிடலாம், மறு பக்கம் எப்போதும் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்றால் அது சமமான ஒப்பந்தம் அல்ல. தவிர, அடுத்த ஆண்டுச் சம்பளம் என்ன, நிபந்தனை என்ன என்று எதுவுமே அதில் தெளிவாக இல்லை. இந்த இரண்டும்தான் அவர் சொன்ன காரணங்களின் சாரம்.

நீதிமன்றத்திலேயே தோற்ற விதி பிறகு எப்படி இன்னும் 85 ஆண்டுகள் உயிரோடு இருந்தது? இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். ரிசர்வ் விதியின் பலம் சட்டத்தில் இல்லை, அணிகளின் ஒற்றுமையில் இருந்தது. வீரர் நீதிமன்றத்தில் ஜெயித்து வெளியே வரலாம். ஆனால் அவரைச் சேர்த்துக்கொள்ள இன்னோர் அணி வேண்டுமே! எல்லா அணிகளும் ஒரே உடன்பாட்டில் இருக்கும்வரை அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு எங்கே போவார்? போட்டி லீக் ஒன்று இருக்கும் காலத்தில் மட்டும்தான் அந்த வெற்றிக்கு மதிப்பு. 1975இல் இது மாறியது. ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு வீரர்கள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே அந்த ஆண்டைக் கடத்தினார்கள். ஓராண்டு நீட்டிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கு ஓராண்டு என்றுதான் பொருள் என்று, களத்து நடுவர் அல்லாத, தகராறு தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். அதற்குள் வீரர்களுக்கு வலுவான தொழிற்சங்கம் இருந்தது, அணிகள் மதிக்க வேண்டிய நடுவர் முறை இருந்தது. வார்டுக்கு இரண்டுமே இல்லை.

சரி, 1890க்கு வருவோம். எட்டு நகரங்களில் ஏழில் இரண்டு லீகுக்கும் அணி இருந்தது. ஸ்பால்டிங் தலைமையில் அமைந்த குழு, பிளேயர்ஸ் லீக் ஆடும் அதே நாட்களில் அதே ஊரில் தங்கள் ஆட்டங்களைப் போட்டது. நியூயார்க்கில் இரண்டு மைதானங்களும் ஒட்டி ஒட்டி இருந்தன. மே 12 அன்று நேஷனல் லீக் ஆட்டத்தில் 13ஆவது இன்னிங்ஸ் வரை யாரும் ஓட்டம் எடுக்கவில்லை. கடைசியில் மைக் டியர்னன் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் பக்கத்து மைதானத்தில் போய் விழுந்தது, அங்கே பிளேயர்ஸ் லீக் ஆட்டம் பார்க்க வந்தவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். ரசிகர்களுக்கு ஆட்டம் நன்றாக இருந்தால் போதும். சண்டையின் காரணம் அவர்களை அவ்வளவாகத் தொடவில்லை, அடிக்கடி எரிச்சலைத்தான் தந்தது.

கூட்டம் பிளேயர்ஸ் லீகுக்குத்தான் அதிகம் வந்தது. ஆனால் இரண்டு பக்கமும் கணக்கை ஊதிக் காட்டினார்கள், இரண்டு பக்கமும் பணம் கரைந்தது. பட்டம் கெல்லியின் பாஸ்டனுக்கு, இரண்டாம் இடம் வார்ட் தலைமையில் ஆடிய புரூக்ளினுக்கு. சீசன் முடிந்ததும் பிளேயர்ஸ் லீகின் முதலாளிகள் ஸ்பால்டிங்கிடம் சமரசம் பேசப் போனார்கள். தன் பக்கமும் நஷ்டத்தில் தத்தளிக்கிறது என்பதை ஸ்பால்டிங் காட்டிக்கொள்ளவே இல்லை. எதிரிலிருந்தவர்கள் பயந்துபோய், ஒவ்வொருவராகத் தங்கள் அணியை விற்றோ இணைத்தோ கழன்றுகொண்டார்கள். எங்களையும் பேச்சில் சேருங்கள் என்று வார்டும் இன்னும் இரண்டு வீரர்களும் கேட்டார்கள். முதலாளிகள் பேசுமிடத்தில் வீரர்களுக்கு இடமில்லை என்று மறுத்துவிட்டது லீக்.

ரிசர்வ் விதியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்ததுதான் வீரர்களின் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் போட்டவர்கள் ஓராண்டு நஷ்டத்துக்கே கையை விரித்தார்கள். வீரரைப் போல அவர்களுக்கு இது பிழைப்பு அல்ல, பல முதலீடுகளில் ஒன்று. வீரர்களை மூன்று ஆண்டுகளுக்குக் கட்டிய ஒப்பந்தம், அந்தப் பணக்காரர்களை ஓராண்டுக்கு மேல் கட்டவில்லை.

பிறகு

வார்டைப் பழிவாங்கவில்லை. ஆளை விட முடியாத அளவுக்கு நன்றாக ஆடினார், அணியை நடத்தவும் தெரிந்தவர். 1891, 1892இல் புரூக்ளினில் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்தார். பிறகு இரண்டாண்டு நியூயார்க். 1894இல் பால்டிமோர் அணியை நான்குக்கு நான்கும் தோற்கடித்து, லீகில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் சீசன் முடிவில் மோதும் டெம்பிள் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, 34 வயதில் ஓய்வு பெற்று முழுநேர வக்கீல் ஆனார்.

ஓய்வு பெற்ற பிறகும் நியூயார்க் அவர் பெயரை ரிசர்வ் பட்டியலில் வைத்திருந்தது. ஆடப் போவதில்லை என்று சொன்ன வக்கீலை! தன்னை விடுவிக்கச் சொல்லி லீகிடமே முறையிட்டுப் போராடி, 1896இல் தன் பெயரை எடுக்க வைத்தார். இதனால் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை.

1911 இறுதியில் கூட்டாளிகளோடு சேர்ந்து பாஸ்டன் அணியை வாங்கி, கொஞ்ச காலம் அதன் தலைவராக இருந்தார். ரிசர்வ் பட்டியலில் பெயர் எழுதுகிற நாற்காலி அது. 1914இல் ஃபெடரல் லீக் என்ற இன்னொரு போட்டி லீக் கிளம்பியபோது, அதன் புரூக்ளின் அணிக்கு வணிக மேலாளராகப் போனார். அந்த லீகும் இரண்டு சீசனில் மடிந்தது. அதன் பால்டிமோர் அணி போட்ட வழக்கில்தான், பேஸ்பாலுக்கு ஏகபோக எதிர்ப்புச் சட்டம் பொருந்தாது என்று 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிசர்வ் விதிக்குக் கிடைத்த மிகப் பெரிய கவசம் அதுவே.

வார்ட் 1925 மார்ச் 4 அன்று, 65 வயது நிறைந்த மறுநாள், ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் நிமோனியாவால் இறந்தார். 1964இல் அவரை பேஸ்பாலின் புகழ்க் கூடத்தில் சேர்த்து, குப்பர்ஸ்டவுனில் வெண்கலப் பட்டயம் வைத்தார்கள். பெர்ஃபெக்ட் கேம் அதில் இருக்கிறது, ஷார்ட்ஸ்டாப் ஆனது இருக்கிறது, பாஸ்டன் அணித் தலைவராக இருந்ததுகூட இருக்கிறது. சங்கத்தைப் பற்றியோ பிளேயர்ஸ் லீகைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது.